விற்க ஆளில்லாத குளவி

ஒருமுறை வயலில் விட்டால் தானே பெருகிக்கொள்ளும், மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்கிற சரக்கை விற்க எந்தக் கடைக்காரரும் முன்வரமாட்டார். பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் இவ்வளவுதான். பெங்களூருவில் ஹெப்பாள் நெரிசலில் தினமும் நின்று பழகிய எனக்கே, அதே பெல்லாரி சாலையில் இருக்கும், பயிர்ப் பூச்சிகளை அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டே அடக்க வழி தேடும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பது, சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் என் சித்தப்பாவின் வயல் சுருண்ட பிறகுதான் தெரிந்தது.

அவர் வயலுக்கு வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. இந்தியாவில் 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்குப் பரவியது. குருத்திலைகள் சுருங்கி முடிச்சுப் போட்டதுபோல் ஆகிவிடும். செடி வளராது, கிழங்கும் பருக்காது. சித்தப்பா நான்கு முறை மருந்தடித்தார், ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வேறொரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகுத் தூளும், அது ஒளிந்துகொள்ளும் சுருண்ட குருத்தும் மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தாம் முதலில் செத்தன.

இந்தப் பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியே அன்றாட உணவாக இருந்த நாடுகளைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. அதற்கு இயற்கையிலேயே எதிரி எது என்று தேடிப் போனவர்கள், பராகுவேயில் ஊசிமுனை அளவேயான ஒரு குளவியைக் கண்டுபிடித்து, 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அனாகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கிவிட்டு வெளியேறும். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவிதான் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்டு, நமக்கு நன்மை செய்யும் பிற பூச்சிகளைத் தொடாது என்று சோதித்து உறுதிசெய்த பின், 2022இல் சேலம் மாவட்ட வயல்களில் விடப்பட்டது.

இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் தாவியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்டதும் இதே பெங்களூரு நிறுவனம்தான். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக வேரூன்றி, பூச்சியை அடக்கியது. அன்று தோட்டத்தையே வெட்டிப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் குளவியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பிரச்சினை தீர்ந்ததும் அதைத் தீர்த்தவரும் மறந்துபோகிறார் என்பது, இந்தத் துறைக்கு வாய்த்த சாபம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு குளவி காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2018இல் சிவமொக்காவில் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அப்படி ஒற்றைத் தீர்வு அமையவில்லை. ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, புழுவின் முட்டையிலேயே வளர்ந்து அதை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணி, தேவைப்பட்டால் மருந்து என்று பலவற்றைச் சேர்த்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. மருந்தே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என் குறை வேறு: குளவி விட்ட வயலில் சில வாரங்கள் மருந்தடிக்காமல் பொறுத்திருக்க வேண்டும் என்பதை விவசாயியிடம் நேரில் போய்ச் சொல்ல ஆள் போதவில்லை. கடைக்காரர் காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைத்திருக்கிறார், கடனும் கொடுக்கிறார். வேளாண் அலுவலரோ பல ஊர்களுக்கு ஒருவர். பல ஆண்டுகள் உழைத்துக் கடல் கடந்து கொண்டுவந்த பூச்சியை, ஒரு தெளிப்பான் அரை மணி நேரத்தில் கொன்றுவிடும். ஆய்வகத்துக்கு ஒதுக்குகிற பணத்தோடு, அறுவடை வரை வயலோரம் வந்துபோகிற ஆளுக்கான சம்பளத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

போன மாதம் சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, "அந்தக் குளவி கிலோ என்ன விலைடா? அங்கேயே வாங்கி பஸ்ஸில் போட்டுவிடு" என்றார். விலைக்கு வாங்க வேண்டியதில்லை சித்தப்பா, சுருண்ட குருத்தைப் பிரித்துப் பாருங்கள், பழுப்பாகக் காய்ந்து, ஓரத்தில் வட்டமாக ஓட்டை விழுந்த மாவுப்பூச்சிக் கூடு இருந்தால் அது ஏற்கெனவே உங்கள் வயலுக்கு வந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, மறுநாளைக்கு மருந்தடிக்கச் சொல்லி வைத்திருந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.