முழு டார்க் கடைசிவரை நிற்காது
“மின்சார காருக்கு எந்த வேகத்திலும் முழு டார்க், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் பெட்ரோல் கார் தோற்கும்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. (டார்க் என்றால் சக்கரத்தைச் சுழற்றும் விசை.)

கிளம்பும்போது மோட்டார் உடனே முழு டார்க்கைத் தந்துவிடும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஏற வேண்டும், கியர் மாற வேண்டும். ஆனால் ஒரு சுழற்சி வேகத்தைத் தாண்டியதும் மோட்டாரின் டார்க் இறங்கிக்கொண்டே போகும். பெரும்பாலான மின்சார கார்களில் ஒரே கியர்தான், சமாளிக்க வழியில்லை. போர்ஷே டைகான் என்ற மின்சார காரின் பின் அச்சில் 2 கியர் வைத்ததே இதற்காகத்தான்.

பாலக்காட்டிலிருந்து கோவை வரும்போது வாளையார் பக்கத்து டோலில் நானே பார்த்தேன். கம்பி தூக்கியதும் என் மின்சார கார் முன்னால் போய்விட்டது, பெட்ரோல் காரில் வந்த தம்பி அப்போதுதான் இரண்டாம் கியர். 90ஐத் தாண்டியதும் கண்ணாடியில் அவன் வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. (பந்தயம் இல்லை, அம்மா பின் சீட்டில் இருந்தார்.)

402 மீட்டர், அதாவது கால் மைல் ஓட்டத்தில் அந்த ஆரம்ப முன்னிலையே பல நேரம் போதும். தூரம் கூடினால் கதை மாறலாம்.

அப்புறம், டாப் ஃப்யூயல் என்ற நேர்கோட்டுப் பந்தய வண்டியின் வீடியோவைப் போட்டு “பெட்ரோல்தான் ராஜா” என்றவருக்கு: அதில் ஊற்றுவது பெட்ரோலே இல்லை, பெரும்பங்கு நைட்ரோமீத்தேன்.