கிழக்கு என்றால் கடல் பக்கம்

போன மாதம் அக்கா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து மட் ஆட்டம் ஒன்றைத் திறந்து காட்டினேன். பதினோராம் வகுப்பு படிக்கிறான், போனில் துப்பாக்கி ஆட்டம் என்றால் புலி. கறுப்புத் திரையில் ஆங்கிலம் மளமளவென்று ஓடியதும் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, கேம் எங்க?"

"இதான்டா கேம்."

"படம் இன்னும் லோடு ஆவலையா?"

படம் வராது, எழுத்து மட்டும்தான் என்றேன். எனக்காகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷமாக நான் பார்த்ததில் மட் ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போனார்கள். அதைத் தாண்டியவர்களை எழுப்பிச் சாப்பிட வைப்பதே பெரும்பாடு. அதனால் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக: மட் என்பது மல்ட்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து, நடந்து, பேசி, சண்டை போட்டு விளையாடும் ஒரு கற்பனை உலகம். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுத ஆரம்பித்தார். கூடப் படித்த ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். 1991-ல் கோபன்ஹேகனில் ஐந்து மாணவர்கள் டிக்குமட் என்ற ஒன்றை எழுதி, அதன் மூல நிரலை வெளியிட்டார்கள். அதிலிருந்து நூற்றுக்கணக்கில் கிளைத்தன. 1999-ல் எவர்க்வெஸ்ட் என்ற படங்களோடு கூடிய ஆன்லைன் ஆட்டம் வந்தபோது, ஆடும் விதத்தைப் பார்த்தவர்கள் இது டிக்குதானே என்று கேட்க ஆரம்பித்து, கடைசியில் "நாங்கள் டிக்கு நிரல் எதையும் எடுக்கவில்லை" என்று அதைச் செய்தவர்களே எழுதிக் கொடுக்கும்படி ஆனது. இன்று லட்சக்கணக்கானோர் ஆடும் பெரிய ஆன்லைன் ஆட்டங்களுக்கெல்லாம் பாட்டன் வீடு இந்தக் கறுப்புத் திரைதான்.

நான் உள்ளே நுழைந்தது 2004-ல், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு இருபது ரூபாய். அங்கிருந்த இணைப்பில் ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் எழுத்துக்கு என்ன பாரம்? தட்டின உடனே பதில் வந்துவிடும். தென் சென்னையில் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவனும் சரி, ஐரோப்பாவில் இருந்தவனும் சரி, உள்ளே வந்துவிட்டால் எனக்குச் சமம். பழைய கம்ப்யூட்டரும் மெதுவான இணைப்பும் இருக்கிற வீடுகளுக்கு இப்போதும் இது அப்படியே பொருந்தும்.

தொடங்குவதற்குச் செலவு கிடையாது. கம்ப்யூட்டர் இருந்தால் மட்லெட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் மேலே தள்ளிப் பழைய வரிகளைப் படிக்கும்போது திரை இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பாதியில் புது வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். புதியவர்களுக்கு இந்த ஒரு வசதியே பாதி பயத்தைப் போக்கிவிடும். எந்த ஆட்டம் என்று கேட்டால், 1996-ல் இருந்து ஓடும் ஆர்ட்வுல்ஃபைச் சொல்வேன். புதிதாக வருபவர்களுக்கென்றே உள்ளே ஒரு பயிற்சிப் பள்ளி கட்டி வைத்திருக்கிறார்கள், வரைபடமும் திரையிலேயே வரும். எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே ஆட வேண்டும் என்றால் 1997-ல் வந்த அக்கேயா. அதில் காசு கொடுத்து வாங்கும் சமாச்சாரங்கள் உண்டு. முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

பெயர் வைக்கும்போது மற்றவர்கள் வாயில் நுழைகிற மாதிரி ஒன்றை வையுங்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள். எந்த இனம், எந்தத் தொழில் என்று பட்டியல் வரும். முதல் தடவை வீரன் போதும். மந்திரவாதிக்குப் படிக்க வேண்டியது அதிகம். இதிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிட்டு விளையாடாமல் போனவர்களும் உண்டு.

இனிமேல்தான் விஷயம். உள்ளே போனதும் ஓர் 'அறை'க்குள் நிற்பீர்கள். தெருவாக இருந்தாலும் காடாக இருந்தாலும் அதற்கு அறை என்றுதான் பெயர். மேலே அறையின் பெயர், கீழே நாலைந்து வரி விவரம், அப்புறம் எந்தெந்தத் திசையில் வழி இருக்கிறது, கடைசியாக அங்கே யார் நிற்கிறார்கள், என்ன கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்த நாலு வரியைத் தாண்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுகிறார்கள். போனில் விளம்பரத்தைத் தள்ளிப் பழகிய விரல் இதையும் தள்ளுகிறது. ஆட்டமே அந்த நாலு வரிக்குள்தான் இருக்கிறது! கிணறு என்று இருந்தால் 'லுக்' போட்டுக் கிணற்றைப் பாருங்கள். உள்ளே கயிறு தொங்கலாம். கயிற்றைப் பாருங்கள். எழுதினவர் அங்கே ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு வருஷக்கணக்காக நமக்காகக் காத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டம் போடு, வழியிருக்கும் பக்கம் கோடு இழு, அவசரமே இல்லை என்றேன். முதல் கட்டம் போட்டதுமே நிமிர்ந்தான்.

"மாமா, ஈஸ்ட்னா எந்தப் பக்கம்?"

"கடல் எந்தப் பக்கம்டா?"

தண்டையார்பேட்டையில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நோட்டின் வலது ஓரத்தில் 'கடல்' என்று எழுதினான். தானாகவே மேலே 'எண்ணூர்', கீழே 'பீச் ஸ்டேஷன்', இடது பக்கம் 'வியாசர்பாடி' என்று எழுதிக்கொண்டான். அதன்பிறகு ஒரு தடவைகூட அவனுக்குத் திசை குழம்பவில்லை. "எண்ணூர் பக்கம் ஒரு கதவு, பூட்டிருக்கு. கடல் பக்கம் கடை." அப்படியே பேசிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடந்தான். இருட்டுக் குகை ஒன்று வந்தபோது, "லான்டர்ன் வாங்கணுமாம் மாமா, நம்ம ஆயா சொல்ற ராந்தல்தானே அது?" என்று கேட்டான். அதேதான். இரண்டும் உறவுக்காரச் சொற்கள்தான் என்று சொன்னேன். இங்கிலீஷ் பரீட்சை என்றால் வயிறு கலங்குகிற பையன், ஒரு விளக்கு வாங்குவதற்காகப் பத்து வரி ஆங்கிலத்தைத் தானாகப் படித்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதை ஆட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்தப் பத்து வரிதான் காரணம். அங்கே யாரும் மார்க் போடுவதில்லை. தப்பாக அடித்தால் 'என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டர் நாட்களில் நான் ஆடிய டிக்கு வகை ஆட்டம் ஒன்றில், செத்தால் உடம்பும் சாமான்களும் செத்த இடத்திலேயே கிடக்கும், நாம் கோயிலில் வெறுங்கையோடு எழுந்து நிற்போம். மூன்று வாரம் சேர்த்த கவசம், வாள் எல்லாம் ஒரு பூதத்தின் காலடியில் கிடந்தது. இன்னும் பதினைந்து நிமிஷத்தில் என் ஒரு மணி நேரம் முடியப் போகிறது, பையில் பஸ் காசு மட்டும்தான். புதியவர்களுக்கான அரட்டைச் சேனலில் உடைந்த ஆங்கிலத்தில் உதவி கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் வந்தார், எந்த நாடு என்று இன்றுவரை தெரியாது. என்னைப் பின்னாலேயே வரச் சொல்லி, பூதத்தை அடித்து, என் சாமானை என்னையே எடுக்கச் சொன்னார். கையோடு மூன்று கட்டளை கற்றுக்கொடுத்தார்: சண்டைக்கு முன் 'கன்சிடர்' போட்டு எதிரியின் பலத்தைப் பார், தோற்கிற மாதிரி இருந்தால் 'ஃப்ளீ' போட்டு ஓடு, உயிர் குறைந்தால் தானாகவே ஓடும்படி 'விம்பி' வைத்துக்கொள். இன்றைக்கும் புதியவர்கள் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இந்த மூன்றைத்தான். கேட்கக் கூச்சப்படாதீர்கள். மட் ஆட்டங்களில் அந்தச் சேனலில் பதில் சொல்வதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

கொடுங்கையூரில் எனக்கு ஒரு நண்பர். பிறவியிலேயே பார்வை இல்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் படிக்கப் படிக்கக் காதில் கேட்டு ஆடுகிறார். அது படிக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவருக்கு ஒன்றும் தப்பாது. நாங்கள் நாலு பேர் கூட்டாகச் சுரங்கத்துக்குள் போனால் முன்னால் நடப்பது அவர்தான். நான் நோட்டில் போடும் கட்டமெல்லாம் அவருக்கு மனதிலேயே இருக்கிறது. "ரெண்டு தபா தெற்கால, ஒரு தபா கீழ, அங்க கதவு இருக்கும், தொறக்காத, நான் வந்துர்றேன்" என்பார். உலகெங்கும் பார்வையற்றவர்கள் ஏராளமாக ஆடுகிறார்கள். ஆல்டர் ஏயான் அவர்கள் நிறைந்திருக்கும் ஆட்டம். அக்கேயாவில் திரைவாசிப்பானுக்கென்றே தனி அமைப்பு உண்டு. படம் இல்லாததை இன்னமும் குறையாகப் பேசுகிறவர்கள் ஒருநாள் இவர் பின்னால் நடந்து பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரே ஏக்கம்தான். பழைய மட் ஆட்டங்கள் பலவற்றில் தமிழ் எழுத்தை அடித்தால் கேள்விக்குறிதான் வரும். ஆனால் எவெனியா என்று பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய இலவச மட் கட்டமைப்பு ஒன்று இருக்கிறது, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்குமான யூனிகோடு அதில் சிக்கலில்லாமல் ஓடுகிறது. பைத்தான் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது கைகொடுத்தால் நம்ம ஊரையே உள்ளே கட்டலாம். முதல் அறையை நான் எழுதிவிட்டேன். அக்கா பையன் திருத்திக் கொடுத்தான்:

காசிமேடு, ஏலம் விடும் இடம்.
இன்னும் விடியவில்லை. ஈரத் தரையில் ஐஸ் நொறுங்கிக் கிடக்கிறது. கூடைகளுக்கு நடுவில் ஒரு ஆயா ராந்தலைத் தூக்கிப் பிடித்து உன் முகத்தைப் பார்க்கிறார். தூரத்தில் ஒரு படகின் இன்ஜின் சத்தம் நெருங்கி வருகிறது.
வழிகள்: வடக்கு, தெற்கு, மேற்கு.
கிழக்கே கடல். படகு வேண்டும்.