ஊத்தினதைச் சொல்லிப்போட்டுப் பரிமாறுங்கோ

பிரான்சில இருந்து அக்காவும் அத்தானும் பிள்ளையளும் லீவுக்கு வந்து நிண்ட நேரம் எங்கட குசினியில ஒரு முழுப் போத்தல் சிவப்பு வைன் ஊத்தி ஊர்ச் சேவல் சமைச்சனாங்கள். அந்தக் கதை இப்ப கால் முளைச்சுத் திரியுது, "அவையின்ர வீட்டில சாராயத்தில கறி காய்ச்சினவையாம்" எண்டு பரந்தன் சந்தி வரைக்கும் போயிட்டுதெண்டு கேள்வி. அதால நானே எழுதிப்போடுறன், ஏசுறவை முழுக்க வாசிச்சுப்போட்டு ஏசுங்கோ.

முதல்ல, வைன் எண்ட உடனே மூக்கைச் சுழிக்கிற ஆக்களிட்ட ஒண்டு கேக்கோணும். கள்ளு விட்டுப் புளிக்க வைச்ச அப்பம் நீங்கள் ஒருத்தரும் தின்னேல்லையோ? எங்கட அம்மம்மா அப்பத்துக்கு மா கரைக்கிற நாளில பின்னேரம் என்னைத்தான் சொம்போட அனுப்புவா, சீவுற ஐயா மரத்தால இறங்கி முட்டியில இருந்து வடிச்சு ஊத்தித் தருவார், எனக்கு அப்ப எட்டு வயசு, வரேக்க நுரை பொங்கிச் சட்டையில வடிஞ்சு அந்த மணத்தோடயே ரியூசனுக்குப் போய் ரீச்சர் என்னை ஒரு மாதிரிப் பாத்தது இண்டைக்கும் நினைவிருக்கு. பக்கற்றில விக்கிற ஈஸ்டை நான் கண்டதே பேந்துதான். கள்ளுக்குள்ள தன்பாட்டில இருக்கிற ஈஸ்ட்தான் இரவிரவா மாவைப் பொங்க வைக்கிறது. விடிய எழும்பினா குசினி முழுக்கப் புளிச்ச வாசம், அதில சுட்ட பாலப்பத்தின்ர விளிம்பு நொறுங்கிற சத்தம், அதை எந்தப் பக்கற் ஈஸ்டும் தராது. கலியாண வீட்டில பொட்டலம் கட்டித் தாற ரிச் கேக்கும் அப்பிடித்தான், அதுக்குள்ள போடுற பழமெல்லாம் பிரண்டியில ஊறினது. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளையளுக்குப் பிச்சுக் குடுக்கிறம். ஒருத்தரும் ஊர்க்கதை கதைக்கிறேல்லை. கள்ளு எங்கட, வைன் வெள்ளைக்காரன்ர, இவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கதைக்கு வாறன். அத்தான் பாரிசுக்குப் போன புதுசில ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவப் போனவர், பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்து, இருபது வருசத்துக்கு மேல அங்கத்தைச் சாப்பாடு சமைச்சவர். வீட்டில ஒரு தேத்தண்ணியும் போட மாட்டார் எண்டது அக்காவின்ர முறைப்பாடு, அது வேற கதை. அவர் வந்த மூண்டாம் நாள் எங்கட வளவில நிண்ட கிழட்டுச் சேவலைப் பாத்துப்போட்டு "இப்பிடி ஒரு சேவலுக்கு அங்க காசு குடுத்தாலும் கஷ்டம், இது கொக் ஓ வானுக்கெண்டே வளந்தது" எண்டார். பிரான்சில பூர்கோன் பக்கம் பேர்போன சமையலாம். கொக் எண்டா சேவல், வான் எண்டா வைன். அம்மாக்கு அது காதில விழுந்து, "வானத்துக்குப் போற வயசு வந்திட்டுதுதான், பிடிச்சு வெட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டா.

உண்மையில அந்தச் சமையலின்ர யோசினையே கிழட்டுக் கோழிக்குத்தான். முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை, இறைச்சி தோல் மாதிரி, அதை வைனில ஒரு இரவு ஊறவிட்டு மெல்லிய நெருப்பில மணிக்கணக்கா விட்டால் அந்தச் சவ்வெல்லாம் கரைஞ்சு குழம்பு தடிக்கும். கடையில விக்கிற புறொய்லர் கோழியில இதைச் செய்யாதேங்கோ, அரை மணித்தியாலத்தில பஞ்சாப் போகும், வைனும் நட்டம் கோழியும் நட்டம்.

வைன் வாங்கினது ஒரு தனிக் கூத்து. ரோட்டுக்கு ரோட்டு "வைன் ஸ்டோர்ஸ்" எண்டு போர்ட் தொங்குது, உள்ள போய் வைன் கேட்டா நிக்கிற பெடியனுக்கு அது எங்க இருக்கெண்டு தெரியாது, அங்க ஓடுறது சாராயமும் பியரும்தான். நான் உள்ள போகேல்லை கண்டியளோ. எங்கட நாட்டில பொம்பிளையளுக்கு மதுபானம் விக்கக்கூடாதெண்டு 1979ல ஒரு அறிவித்தல் போட்டது, 2018 தை மாசம் நிதியமைச்சரா இருந்த மங்கள சமரவீர அதை எடுத்துவிட்டார், சில நாளிலேயே அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன தடையைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லிட்டார். சட்டத்தை விடுங்கோ, எங்கட ரோட்டில அந்த வாசல்ல ஒரு பொம்பிளை அஞ்சு நிமிசம் நிண்டா பின்னேரத்துக்குள்ள மாமியார் வீட்டுக்குச் செய்தி போயிடும். குடும்பத்துக்குச் சமைக்கிறவள் சமையலுக்கு வேண்டிய சாமானை வாங்க ஏலாது, குடிச்சுப்போட்டு வந்து அதே குடும்பத்துக்கு அடிக்கிறவன் எத்தினை போத்தலும் வாங்கலாம். சரி, இதில நிண்டால் கதை முடியாது. அத்தானும் என்ர மனிசனும் போய் மேல் தட்டில தூசி பிடிச்சு நிண்ட ஒரு போத்தலைத் துடைச்சு வாங்கிக்கொண்டு வந்தவை. விலையைக் கேட்ட அம்மா அதில ரெண்டு சேவல் வாங்கலாம் எண்டா, உண்மைதான்.

அம்மாவின்ர மண்சட்டியை அத்தான் கேட்டவர், குடுக்கேல்லை. "மண்சட்டி உறிஞ்சும் தம்பி, பிறகு நான் அதில மீன் குழம்பு வைச்சா கள்ளுக்கொட்டில் மாதிரி மணக்கும்." அப்ப அலுமினியச் சட்டியை எடுப்பம் எண்டு நான் எடுக்க, அத்தான் கையைப் பிடிச்சுப்போட்டார். வைன் புளிப்பு, அலுமினியத்தில நிண்டு கொதிச்சா சட்டியைத் தின்னும், குழம்பு கறுத்து நாக்கில தகரம் நக்கின மாதிரி ருசிக்குமாம். கடைசியில எவர்சில்வர் சட்டி ஒண்டு.

இனி நான் கிட்ட நிண்டு பாத்தது. இரவு முழுக்க வைனில ஊறின துண்டுகளை எடுத்துத் துடைச்சு எண்ணையில பொரிய விட்டார், ஒவ்வொரு துண்டா, அவசரமில்லாம, நாங்கள் எண்டா எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிக் கிளறியிருப்பம். துண்டுகளை எடுத்தாப்பிறகு சட்டியின்ர அடியில மண்ணிறமா ஒரு அடிப்பிடிப்பு. நான் அதைத் தேய்ச்சுக் கழுவத்தான் நினைச்சனான். அவர் அந்தச் சூட்டிலயே வைனை ஊத்தினார், சர்ர் எண்டு ஒரு சத்தம், ஆவி மூஞ்சையில அடிச்சுது, மரஅகப்பையால சுரண்ட அந்தப் பிடிப்பு முழுக்கக் கரைஞ்சு குழம்புக்குள்ள வந்திட்டுது. ருசி முழுக்க அதிலதான் எண்டார். இதுக்கு வைன்தான் வேணுமெண்டில்லை, கொஞ்சத் தண்ணியிலயும் கரையும், நான் இப்ப சாதாரண இறைச்சிப் பிரட்டலுக்கும் அப்பிடித்தான் செய்யிறன். வைனால வாறது புளிப்பும் பழ வாசமும், அதோட தண்ணியில கரையாத சில வாசங்களை மதுசாரம் இழுத்து எடுக்கும். எங்களுக்கு அந்தப் புளிப்பைப் பழப்புளி தருது, கொறுக்காய் தருது, வினாகிரி தருது. ஆனா வாசம் வேற, அதை நான் மறுக்கேல்லை.

ரெண்டு மணித்தியாலம் அடுப்பில. சோத்தோட அது ஒத்து வரேல்லை, சொல்லிப்போடுறன், ரோஸ் பாணைப் பிச்சுத் தோய்ச்சுத் தின்னத்தான் அது சரி. சேவல் எலும்பை விட்டுக் கழண்டு வந்துது.

அண்டைக்குப் பக்கத்து வளவு மாமாவையும் சாப்பிடக் கூப்பிட்டனாங்கள். மாமா ஒரு காலத்தில நல்லாக் குடிச்சவர். சண்டை முடிஞ்சு முகாமால வந்தாப்பிறகு எங்கட பக்கத்தில எத்தினை பேர் அப்பிடிப் போனவை எண்டு உங்களுக்கும் தெரியும். ஏழு வருசத்துக்கு முதல் விட்டவர், அவராத்தான் விட்டவர், ஒரு துளி தொடுறேல்லை. கலியாண வீட்டில ரிச் கேக் பொட்டலத்தைக் கூட "பேரனுக்குக் குடுக்கிறன்" எண்டு சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போற மனிசன். அதை நான் எத்தினை தரம் கண்டிருப்பன், ஆனா அண்டைக்கு எனக்கு அது ஓடேல்லை. என்ர பிழை.

மாமா ரசிச்சுச் சாப்பிட்டார். ரெண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கிப் பாணைத் தோய்ச்சுக்கொண்டு இருக்கேக்க அக்காவின்ர சின்னவள் தன்ர உடைஞ்ச தமிழில பெருமையா "தாத்தா, இதில வைன் இருக்கு, ஒரு போத்தல்" எண்டாள். மாமா கையில இருந்த பாண் துண்டை அப்பிடியே கோப்பையில வைச்சார். அத்தான் உடனே "இல்லை மாமா, நெருப்பில எல்லாம் ஆவியாப் போயிட்டுது, ஒண்டும் மிச்சமில்லை" எண்டார். மாமா ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போய்க் கிணத்தடியில கை கழுவினார், வாயைக் கொப்பளிச்சார், கனநேரம் கொப்பளிச்சார். வந்து இருந்து அத்தானோட இரணைமடுக் குளத்தில தண்ணி எவ்வளவு நிக்குது, இந்தமுறை சிறுபோகம் எத்தினை ஏக்கர் எண்டெல்லாம் கதைச்சவர், கோவிச்ச மாதிரியே இல்லை. போகேக்க படலையடியில வைச்சு என்னட்ட மட்டும் சொன்னார், "பிள்ளை, முதலே சொல்லியிருக்கலாம்."

எனக்கு இரவு நித்திரை வரேல்லை. அத்தான் சொன்ன அந்த "எல்லாம் ஆவியாப் போயிடும்" உண்மையோ எண்டு போனில தேடினன். உண்மை இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் இதுக்கு ஒரு கணக்கே வைச்சிருக்கு. குழம்பில கலந்து 15 நிமிசம் கொதிச்சா ஊத்தின மதுசாரத்தில 40 வீதம் மிச்சம் நிக்குமாம். அரை மணித்தியாலத்தில 35, ஒரு மணித்தியாலத்தில 25, ரெண்டு மணித்தியாலத்தில 10, ரெண்டரை மணித்தியாலம் விட்டாலும் 5 வீதம் கிடக்கும். வீடியோவில சட்டியில நெருப்பெரிய விட்டுக் காட்டுவினமே, அந்தக் கூத்தில 75 வீதம் அப்பிடியே இருக்கும், நெருப்பு எங்களுக்குப் படம் காட்டுறதுதான். மதுசாரம் தனிய எண்டா 78 பாகை செல்சியசில கொதிச்சுப் போயிடும், ஆனா தண்ணியோட கலந்திட்டா ரெண்டும் சேந்துதான் போகும், லேசில விடாது. அகலச் சட்டி எண்டாக் கெதியாப் போகும், ஒடுங்கின சட்டியில மூடி போட்டா இன்னும் நிக்கும்.

எங்கட சட்டியைக் கணக்குப் பாத்தன். 750 மில்லி, 13 வீதம், அப்ப கிட்டத்தட்ட 97 மில்லி மதுசாரம். ரெண்டு மணித்தியாலத்தால பத்து மில்லிக்குக் கிட்ட. எட்டுப் பேர் சாப்பிட்டது, ஆளுக்கு ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூட. 5 வீதக் கள்ளு எண்டு வைச்சா ஒண்டரை மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. அது ஒருத்தரையும் வெறிக்கப் பண்ணாது, சின்னவளும் தின்டவள், ஒண்டும் இல்லை. அதால "கறிக்குள்ள வைன் ஊத்தினவை, குடிகாரக் குடும்பம்" எண்டு கதைக்கிறவை தயவு செய்து போய் வேற வேலை பாருங்கோ.

ஆனா மாமாக்கு அது மில்லிக்கணக்கு இல்லைத்தானே. ஏழு வருசம் நாக்கில படாத ஒண்டை நான் அவருக்குத் தெரியாம நாக்கில வைச்சிட்டன். குடியை விடுறதுக்கெண்டு ஆஸ்பத்திரியில குடுக்கிற குளிசையளில ஒரு வகை இருக்கு, அதைப் போடுற ஆள் சோசுக்குள்ள இருக்கிற கொஞ்ச மதுசாரத்துக்கே முகம் சிவந்து நெஞ்சு படபடத்துச் சத்தி எடுக்கக்கூடும், அவையை வினாகிரியிலயே கவனம் எண்டு சொல்லித்தான் குடுக்கிறது. மாமா குளிசை போடுறேல்லை, எங்கட அதிர்ஸ்டம். இன்னொருத்தர் முஸ்லிமா இருக்கலாம், அவருக்கு ஒரு துளியும் ஒண்டுதான் ஒரு போத்தலும் ஒண்டுதான். பெந்தகோஸ்தே சபைக்குப் போற ஆளா இருக்கலாம், வயித்தில பிள்ளையோட இருக்கிறவளா இருக்கலாம். "கொஞ்சம்தானே, தெரியாதுதானே" எண்டு அவையின்ர வாய்க்கு நாங்கள் முடிவெடுக்கக்கூடாது. மச்சம் சாப்பிடாத விரதக்காரருக்குக் கருவாட்டுத்தூள் போட்ட சம்பலைக் குடுப்பமே? கேட்டாச் சொல்லுவம் எண்டும் இருக்கக்கூடாது, கேக்க முதல் சொல்லோணும். இதுக்கு மேல எனக்கு இதில கருத்து ஒண்டும் இல்லை. வைன் ஊத்துங்கோ, கள்ளு ஊத்துங்கோ, பிரண்டியில ஊறப்போடுங்கோ, சொல்லிப்போட்டுப் பரிமாறுங்கோ.

சமைக்க நினைக்கிறவைக்கு ரெண்டு கதை. மலிவு வைன் காணும், ஆனா ஒரு வாய் குடிச்சுப் பாத்தாத் துப்ப வாற வைனை ஊத்தாதேங்கோ, வத்த வத்த அந்தக் கெட்ட ருசியும் சேந்து தடிக்கும். இனிப்பு வைனும் சரிவராது. மற்றது, எங்கட கறித்தூளுக்குள்ள சிவப்பு வைனை விடவே விடாதேங்கோ. அவை போனாப்பிறகு அத்தான் இன்னொரு நாளைக்கெண்டு வாங்கி உடைச்ச ரெண்டாம் போத்தலில அரைவாசி மிச்சம் நிண்டுது, வீணாக்குவான் ஏன் எண்டு அதில கொஞ்சத்தை ஆட்டிறைச்சிக் கறியில ஊத்தினன், வறுத்த தூளும் வைனின்ர கயர்ப்பும் ஒண்டையொண்டு பிடிச்சுக் கைச்சுப்போச்சு, தேங்காய்ப்பாலை விட்டுச் சமாளிப்பம் எண்டு பாத்தா நாவல்பழம் கரைச்ச நிறத்தில வந்து நிண்டுது. நாய்க்கும் வைக்கேல்லை, குழி வெட்டித் தாட்டனான். போத்தலில மிச்சம் நிண்ட வைனைத் துணி கட்டிக் குசினி மூலையில வைச்சன், ரெண்டு மாசத்தில நல்ல வினாகிரியாப் போச்சு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அதில ஊறுது.

மாமா பிறகு கனநாள் வரேல்லை, எனக்கும் போய் முகம் பாக்க ஒரு மாதிரி இருந்துது. போன சனிக்கிழமை அப்பம் சுட்டனான், மணத்துக்கோ என்னவோ வேலியடியில நிண்டவர், கூப்பிட்டன், வந்து வாங்கில இருந்தார். முதல் அப்பத்தைக் கோப்பையில வைக்க என்னை நிமிந்து பாத்தார்.

"மாவுக்கு என்ன விட்டனி பிள்ளை?"

"ஈஸ்ட், மாமா. இந்தா பக்கற்றும் கிடக்கு."

பக்கற்றை வாங்கிக் கண்ணாடி போடாம எட்டப் பிடிச்சு வாசிச்சார், வாசிக்கத் தெரிஞ்சுதோ தெரியாது.

"அப்ப இன்னும் ரெண்டு போடு. விளிம்பு நல்லா முறுகட்டும்."