எடையைப் பார்த்து ரன்னிங் பேக்கை ஒதுக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முடிந்த கையோடு இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். ஏதாவது ஓர் அணி ஐந்தடி எட்டு அல்லது ஒன்பது அங்குல உயரத்தில், தொண்ணூறு கிலோவைக்கூடத் தொடாத ஒரு பையனை ரன்னிங் பேக்காக, அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆளாக, எடுத்திருக்கும். உடனே "இவன் ஒரு ஆட்டத்துக்கு இருபது தடவை பந்தைத் தூக்கிட்டு ஓடுவானா? பலமா ரெண்டு அடி விழுந்தா எழுந்திருப்பானா?" என்று வரிசையாக வந்துவிடுவார்கள். எனக்கு இந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது. அவன் எத்தனை தடவை ஓடுவான் என்பதை விடுங்கள். அவன் குவார்ட்டர்பேக்குக்கு (தாக்குதலை நடத்தி, பந்தை வீசுபவர்) பக்கத்தில் வந்து நின்ற அந்த நொடியில் எதிரணியின் பதினோரு பேரும் என்னென்ன மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைக் கேளுங்கள். அப்போதுதான் இந்த மாதிரிப் பையனின் மதிப்பு தெரியும்.

இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் 2023-இல் மயாமி டால்பின்ஸ் எடுத்த டெவான் ஏச்சான். மூன்றாவது சுற்றில், 84-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 188 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 85 கிலோ. 40 யார்டு (சுமார் 37 மீட்டர்) ஓட்டத்தை 4.32 வினாடியில் முடித்தவர். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்பந்தோடு தடகள அணிக்கும் ஓடினார். அதனாலேயே "இவர் ஓட்டப்பந்தயக்காரர், கால்பந்துக்காரர் இல்லை" என்று ஒரு முத்திரை குத்திவிட்டார்கள். ஆனால் அதே ஏச்சான்தான் 2022 நவம்பரில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 38 முறை பந்தை எடுத்து 215 யார்டு ஓடினார். முப்பத்தெட்டு முறை! தன்னைவிட முப்பது, நாற்பது, ஐம்பது கிலோ கூடுதலான ஆட்களுக்கு நடுவே. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது அவருக்குத் தெம்பு போதாது என்று சொல்லியிருப்பார்களா?

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் முதல் வாரம் அவர் ஆடவில்லை. இரண்டாவது வாரம் தலைகாட்டியதோடு சரி. மூன்றாவது வாரம், செப்டம்பர் 24, டென்வர் பிராங்கோஸ் மயாமிக்கு வந்தது. மயாமி 70-20 என்று ஜெயித்தது. அந்த ஸ்கோரை இன்னும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. 1966-க்குப் பிறகு லீக்கில் எந்த அணியும் எழுபதைத் தொட்டதில்லை. மொத்தம் 726 யார்டு. ஏச்சான் 18 ஓட்டங்களில் 203 யார்டு, ஓடி இரண்டு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்து எடுக்கும் ஆறு புள்ளி), பாஸ் பிடித்து, அதாவது குவார்ட்டர்பேக் வீசிய பந்தைப் பிடித்து, இரண்டு டச் டவுன். அதில் ஒன்றில் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே பந்தை ஏச்சானை நோக்கித் தள்ளிவிட்டார். இத்தனைக்கும் மயாமியின் முக்கியமான ரிசீவர்களில் (பாஸ் பிடிப்பதே வேலையாக உள்ளவர்கள்) ஒருவரான ஜேலன் வாடில் அன்று ஆடவே இல்லை.

அடுத்த வாரம் பஃபலோவில் அணி 48-20 என்று மோசமாகத் தோற்றது, ஆனால் ஏச்சான் எட்டே ஓட்டத்தில் 101 யார்டு. அதற்கடுத்த வாரம் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 11 ஓட்டத்தில் 151, அதில் ஒன்று 76 யார்டு டச் டவுன். மூன்று ஆட்டங்களையும் கூட்டினால் 37 ஓட்டம், 455 யார்டு. சராசரியாகப் பன்னிரண்டுக்கு மேல்! ஒரு ஓட்டத்துக்கு ஐந்து யார்டு கிடைத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று சொல்கிற விளையாட்டு இது.

சரி, இது எப்படி நடக்கிறது? வெறும் வேகம் என்று சொல்லிவிட்டுப் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும். மயாமியின் அன்றைய பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் ஆடவைத்த ஓட்டங்களில் நிறைய "வைட் ஸோன்" வகை. பந்து நகர்ந்ததும் முன்வரிசையின் ஐந்து பெரிய ஆட்களும் ஒரே பக்கமாக, பக்கவாட்டில் நகர்வார்கள். ரன்னிங் பேக்கும் அவர்களோடு மைதானத்தின் ஓரத்தை நோக்கி ஓடுவார், ஓடிக்கொண்டே எங்கே திறக்கிறது என்று பார்ப்பார். திறந்த இடத்தில் ஒரு காலை ஊன்றி நேராக முன்னோக்கித் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எதிரில், தற்காப்பின் இரண்டாவது வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் அந்த ஊன்றலுக்கு முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும், ஓரத்துக்குப் போவதா, உள்ளே காத்திருப்பதா என்று. சாதாரண ரன்னிங் பேக் என்றால் அரை அடி தப்பாக வைத்தாலும் திரும்பி வந்து பிடித்துவிடலாம். ஏச்சான் மாதிரி ஒருவரிடம் அந்த அரை அடிக்கு மன்னிப்பே கிடையாது.

தற்காப்பில் எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக நிற்கும் சேஃப்டியின் பாடு இன்னும் மோசம். ஓடி வருபவனை எந்த இடத்தில் சந்திக்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தை நோக்கிக் குறுக்கே ஓடித்தான் அவர் பிடிக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கணக்கு அது. 4.3 வினாடிக்காரன் வந்தால் அந்தக் கணக்கு தப்புகிறது, அவர் போய்ச் சேரும்போது அங்கே வெறும் புல்தான் இருக்கும். ஏச்சானின் நீண்ட ஓட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், கடைசியில் துரத்துகிறவர் எவ்வளவு தப்பான கோணத்தில் வருகிறார் என்று தெரியும். அவருக்குத் திறமை குறைவு என்று இல்லை, அந்த வேகத்தை அவர் வாரம் முழுக்கப் பயிற்சியில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

உயரம் குறைவு என்பதும் இங்கே லாபம்தான், இதை யாரும் பேசுவதில்லை. முன்வரிசையில் நிற்பவர்கள் ஆறடிக்கு மேல் உயரம், ஆளுக்கு நூற்று நாற்பது கிலோ. அந்தச் சுவருக்குப் பின்னால் ஐந்தடி ஒன்பது அங்குலக்காரர் குனிந்து ஓடினால் லைன்பேக்கருக்கு ஒரு கணம் ஆளே தெரியாது. தெரியும்போது ஆள் வெளியே வந்திருப்பார். அதோடு தோள் தாழ்ந்திருப்பதால் நேராக நெஞ்சில் மோத முடியாது, பெரும்பாலும் பக்கவாட்டில் பாதி அடிதான் விழும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மயாமியில் டைரீக் ஹில் என்ற அதிவேக ரிசீவர் இருந்தார். அவர் ஆழமாக ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணிகள் இரண்டு சேஃப்டிகளையும் ரொம்பத் தள்ளி நிறுத்தின, அதனால் முன்னால் ஆள் குறைந்தது. அதற்கு மேல் பந்து நகரும் முன்பே ஹில்லோ வாடிலோ குறுக்கே ஓடத் தொடங்கிவிடுவார்கள், தற்காப்பில் இருப்பவர்களின் கண் அந்தப் பக்கம் போகும். ஏச்சானுக்கு இடம் கிடைத்ததில் இதற்கெல்லாம் பங்குண்டு. ஆனால் இது இரு பக்கமும் வேலை செய்தது. ஓட்டத்தை நிறுத்த ஒரு சேஃப்டியை முன்னால் கொண்டுவந்தால் ஹில் அவரைத் தாண்டி ஆழமாக ஓடிவிடுவார், கொண்டுவராவிட்டால் ஏச்சான் உள்ளே புகுந்துவிடுவார். 2023-இல் லீக்கிலேயே அதிக யார்டு எடுத்த அணியாக மயாமி இருந்ததற்கு இந்த இழுபறி ஒரு பெரிய காரணம். ஏச்சான் பந்தைத் தொடாத பிளேக்களிலும் (ஒவ்வொரு முறை பந்து நகர்ந்து நிற்கும்வரை நடப்பது ஒரு பிளே) அந்த வேகம் வேலை பார்த்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

பாஸ் பிடிப்பதும் அப்படித்தான். ரன்னிங் பேக் வெளியே ஓடினால் பல நேரம் அவரோடு ஓட வேண்டியது நூற்றுப் பத்து கிலோ லைன்பேக்கர். பழைய ரன்னிங் பேக் டேரன் ஸ்புரோல்ஸை நினைத்துப் பாருங்கள், 5 அடி 6 அங்குலம்தான். 2005-இல் நான்காவது சுற்றில் சான் டியேகோ எடுத்தது, முதல் வருடம் பெரும்பாலும் எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் வேலைதான் (ரிட்டர்ன்) கொடுத்தார்கள். 2011-இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனதும் 86 பாஸ் பிடித்தார், ஓட்டம், பாஸ், ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து 2,696 யார்டு, அது லீக் சாதனை. அந்த வருடம் அவர் பந்தை எடுத்து ஓடியது மொத்தமே 87 முறை. இருபது தடவை ஓடுவானா என்று கேட்பவர்கள் இந்த வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். பாஸ் பாதுகாப்பு, அதாவது பந்தை வீசும்வரை குவார்ட்டர்பேக்கைக் காப்பது. சின்ன உடம்புள்ள ரூக்கிகள் (முதல் வருட ஆட்டக்காரர்கள்) பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான், ஓட்டத்தில் இல்லை. கல்லூரியில் எத்தனையோ அணிகள் ரன்னிங் பேக்கிடம் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை. இங்கே வந்ததும் கதை வேறு. எதிரணி எந்தப் பக்கத்திலிருந்து பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கைத் தாக்கக் கூடுதல் ஆள்) அனுப்பும், முன்வரிசை யாரையெல்லாம் பார்த்துக்கொள்ளும், மீதி வருகிற ஆள் யார், இதையெல்லாம் பந்து நகர்வதற்கு முந்தைய சில நொடிகளில் அவன் படிக்க வேண்டும். படித்த பிறகு, முழு வேகத்தில் வருகிற அந்த ஆளை எதிர்கொள்ள ஓர் அடி முன்னால் போக வேண்டும், பின்வாங்கினால் அடி குவார்ட்டர்பேக் மேல் விழும். 85 கிலோக்காரன் 110 கிலோக்காரனை நிறுத்திவைக்க முடியாது, சரி. நிறுத்தத் தேவையும் இல்லை. தாழ்ந்து, கையை உள்பக்கம் வைத்து, அவன் பாதையை ஒரு வினாடி கெடுத்தால் போதும், அதற்குள் பந்து போய்விடும். இதில் எடைக்கு இருக்கும் பங்கைவிட யார் வருகிறான் என்று தெரிந்திருப்பதற்குப் பங்கு அதிகம். தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றால் 230 பவுண்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இது தெரியாத ரூக்கியைப் பயிற்சியாளர்கள் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, அதிகம் பாஸ் வீசுவது இதில்தான்) வெளியே உட்காரவைத்துவிடுகிறார்கள். அவன் அதிகம் பயன்படக்கூடிய டவுனே அதுதான்! அப்புறம் இன்னொரு கேடும் வருகிறது. ஓட்டத்துக்கு மட்டும் அவனை உள்ளே அனுப்பினால், அவன் தலையைப் பார்த்ததும் எதிரணிக்கு இது ஓட்டம் என்று தெரிந்துவிடும். அவனால் குழப்பம் வர வேண்டிய இடத்தில் அவனே அவர்களுக்கு விடையைச் சொல்லிக்கொடுக்கிறான். அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதிரிப் பையனை எடுத்தால் ஜூலை, ஆகஸ்ட் முகாமில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான். ஓட்டத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

காயம் பற்றிக் கேட்பீர்கள். ஏச்சானுக்கும் வந்தது. ஜயன்ட்ஸ் ஆட்டத்தோடு முழங்கால், பல வாரம் வெளியே. திரும்பி வந்த ஆட்டத்திலேயே மறுபடி சீக்கிரம் வெளியேறினார். அந்த வருடம் அவர் ஆடியது 11 ஆட்டம்தான், ஆனால் அந்தப் பதினொன்றில் 103 ஓட்டம், 800 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு 7.8. இதை வைத்து "பார்த்தீர்களா, உடம்பு சின்னது, உடைந்துவிட்டது" என்றார்கள். அதே செப்டம்பரில்தான் கிளீவ்லாந்தின் ரன்னிங் பேக் நிக் சப், 227 பவுண்டு, லீக்கிலேயே உறுதியான உடம்பு என்று எல்லோரும் சொன்னவர், பிட்ஸ்பர்கில் முழங்கால் போய் அந்த வருடத்தையே இழந்தார். பழைய ரன்னிங் பேக் வாரிக் டன் 180 பவுண்டில் 12 வருடம் ஆடி 10,967 யார்டு ஓடினார். காயம் இந்த வேலையோடு வருவது, அதைச் சின்ன ஆட்களின் தலையில் மட்டும் எழுதிவைப்பது நியாயமில்லை.

அதற்காக எல்லா ஓட்டத்தையும் அவனிடம் கொடு என்றும் சொல்ல மாட்டேன். 2024-இல் ஏச்சானின் ஓட்டங்கள் 203 ஆகக் கூடின, சராசரி 4.5-க்கு இறங்கியது. டுவா தலையில் அடிபட்டுச் சில ஆட்டங்கள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்தான். அப்படியும் அந்த வருடம் ஏச்சான் 78 பாஸ் பிடித்தார், அணிக்கு அது சாதாரண உதவி இல்லை. இருந்தாலும் நெருக்கமான இடத்தில், ஒரு யார்டுக்காக முட்டிமோத வேண்டிய நேரத்தில் 85 கிலோவை உள்ளே அனுப்புவது வீண்செலவு. எதிரணியின் எல்லைக்கோட்டை ஒட்டிய கோல் லைனிலும் அப்படித்தான். அங்கே பெரிய ஆளை விடுங்கள்.

ஜோடி சேர்ப்பதுதான் சரியான வழி, இதற்கு டெட்ராய்ட் லயன்ஸ் அணியைப் பார்த்தால் போதும். அதே 2023 டிராஃப்டில் லயன்ஸ் 12-வது இடத்தில் ஜமீர் கிப்ஸை எடுத்தபோது, அவ்வளவு முன்னால் ஒரு ரன்னிங் பேக்கா என்று திட்டாதவர்கள் குறைவு. கிப்ஸும் 5 அடி 9 அங்குலம், 200 பவுண்டுக்குள்தான். கூடவே கனமான டேவிட் மான்ட்கோமரி. வருடக் கடைசியில் மான்ட்கோமரி 1,015 யார்டு, 13 டச் டவுன். கிப்ஸ் 945 யார்டு, 10 டச் டவுன், அதற்கு மேல் 52 பாஸ். அணி 12 வெற்றியோடு என்.எஃப்.சி. (லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதி வரை போனது. மான்ட்கோமரி மோதி மோதித் தளரவைத்த தற்காப்புக்கு நடுவே திடீரென்று கிப்ஸ் வந்து நின்றால் என்ன செய்வார்கள்? இது புதிதும் இல்லை. 1997-இல் தம்பா பே ரூக்கி டன்னையும் மலை மாதிரி இருந்த மைக் ஆல்ஸ்டாட்டையும் சேர்த்து ஆடவைத்தது. டன் 978 யார்டு ஓடி அந்த வருடத்தின் சிறந்த தாக்குதல் ரூக்கி ஆனார், அணி 1982-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் நாக்-அவுட் சுற்று) போனது.

என் அணிக்கு இப்படி ஒரு பையன் வந்தால் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டம், நான்கைந்து பாஸ், இதற்கு மேல் முதல் வருடம் கேட்க மாட்டேன். பந்து கொடுக்காத பல பிளேக்களிலும் அவனை உள்ளே வைத்திருப்பேன், ஒரு தடவை ரிசீவர்களோடு ஓரத்தில், ஒரு தடவை குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில், ஒரு தடவை குறுக்கே ஓடவிட்டு. ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் நீங்களும் அவன் எத்தனை யார்டு ஓடினான் என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஆட்டங்களில் நான்காவது வரிசை ஆட்களுக்கு எதிராக யாரும் ஓடலாம். மூன்றாவது டவுன், எட்டு யார்டு பாக்கி, முதல்நிலை குவார்ட்டர்பேக் உள்ளே நிற்கிறார், அந்த நேரத்தில் பயிற்சியாளர் இந்தப் பையனை வெளியே கூப்பிடுகிறாரா, இல்லை அங்கேயே விட்டுவைக்கிறாரா என்று பாருங்கள். விட்டுவைத்தால் செப்டம்பரில் அவனுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.