பேனலில் பச்சை, எதிரே தார்ப்பாய்

பல வருடங்களுக்கு முன்பு ஒரு ஷட்டவுன் முடிந்து ஆலையை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தோம். கன்ட்ரோல் ரூமில், தீயையும் வாயுக் கசிவையும் காட்டும் ஃபயர் அண்ட் கேஸ் பேனல் முழுக்கப் பச்சை. மூன்றாம் நாள் வேறு வேலையாகப் பம்புகள் இருக்கும் பக்கம் போனவன், சும்மா நிமிர்ந்து பார்த்தேன். தீயின் கதிரைப் பார்த்து அலாரம் கொடுக்கும் ஃப்ளேம் டிடெக்டருக்கு ஒரு மீட்டர் முன்னால் யாரும் பிரிக்காமல் விட்ட சாரம். அதில் பெயின்ட் அடித்தவர்கள் கட்டிவிட்டுப் போன தார்ப்பாய். எங்கள் டிடெக்டர் மூன்று நாளாக அந்தத் தார்ப்பாயைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தது.

டிடெக்டர் மேல் ஒரு குறையும் இல்லை. இப்போது வரும் பல மாடல்களில் சுய பரிசோதனை உண்டு. உள்ளிருந்து சிறிய ஒளி ஒன்றை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துத் தன் கண்ணாடி அழுக்காகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளும். ஆனால் அது சோதிப்பது தன் கண்ணாடியை மட்டும்தான். கண்ணாடியைத் தாண்டி என்ன தொங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பச்சை விளக்குக்கு ‘நலமாக இருக்கிறேன்’ என்றுதான் பொருள். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம். இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்தில் வந்து நிற்கும்.

நிறுவும் நாளிலேயே இது தொடங்கிவிடுகிறது. வரைபடத்தில் டிடெக்டர் பார்க்கும் பரப்பைக் காட்ட அதிலிருந்து ஒரு கூம்பு வரைந்திருப்பார்கள், அதற்குள் பம்ப் அழகாக உட்கார்ந்திருக்கும். களத்தில் அந்த இடத்தில் ஏறி நின்றால் நடுவில் ஒரு கேபிள் ட்ரே, ஒரு பெரிய வால்வு, இன்சுலேஷன் சுற்றிய பைப். அதனால் ப்ராக்கெட்டை இறுக்குவதற்கு முன்னால், டிடெக்டர் உட்காரப் போகும் இடத்தில் தலையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். ‘இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு சார்’ என்று பலர் சிரித்திருக்கிறார்கள். இருக்கட்டும். போன மாதம் புதிதாகப் போட்ட பைப் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாதே.

தூரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். கேட்டலாக்கில் போட்டிருக்கும் தூரம், பெரும்பாலும் ஒரு சதுர அடித் தட்டில் ஹெப்டேன் என்ற எரிபொருள் எரிவதை நேர் எதிரே வைத்துப் பார்த்தது. கூம்பின் ஓரத்துக்குப் போகப் போக டிடெக்டரின் திறன் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்குதான். நேர் எதிரே எட்டும் தூரத்தை ஓரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த டிடெக்டர் இருந்தும் இல்லாத மாதிரி. அப்புறம், முகத்தைக் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்த்து வையுங்கள். நிமிர்ந்து பார்க்கிற கண்ணாடியில் தண்ணீரும் தூசியும் தங்கும். அதிராத, உறுதியான தூணில் மாட்டுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எந்தத் தீ என்பதுதான் பெரிய விஷயம். அகச்சிவப்பு டிடெக்டர்களில் பல, எரியும்போது உண்டாகும் சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அருகே வீசும் கதிரைத் தேடுகின்றன. பெட்ரோல், டீசல், எரிவாயு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஹைட்ரஜனில் கார்பனே இல்லை. எரிந்தால் வருவது நீராவி. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ நம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அந்த வகை டிடெக்டருக்கும் தெரியாது. அதற்கு நீராவியின் அலைநீளத்தைப் பார்க்கும் மாடலோ, புற ஊதா வகையோ வேண்டும். ஒரு முறை ஹைட்ரஜன் கம்ப்ரசருக்கு, ‘ஸ்பேர் ஒரே மாதிரி இருந்தால் வசதி’ என்று பம்ப் பக்கம் இருந்த அதே மாடலை ஆர்டர் போட்டிருந்தார்கள். காகிதத்தில் இருக்கும்போதே பிடித்துவிட்டோம். மாட்டியிருந்தால் அதுவும் பேனலில் பச்சையாகத்தான் எரிந்திருக்கும்.

அழுக்கு விஷயமும் இப்படித்தான். மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்த கண்ணாடி நமக்குப் பளிச்சென்று தெரியும். புற ஊதாக் கதிரை அது விழுங்கிவிடும். அகச்சிவப்புக்குத் தண்ணீரும் பனிக்கட்டியும் எமன். ஆகவே ‘சுத்தமாத்தான் சார் இருக்கு’ என்று கீழே நின்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஏணி போட்டு ஏறி, தயாரிப்பாளர் சொன்ன முறையில் மென்மையான துணியால் துடைத்து, தீயைப் போன்ற கதிரை வீசும் டெஸ்ட் லேம்ப் காட்டி அலாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த டெஸ்ட் லேம்புக்கும் வெடிச்சூழலில் பயன்படுத்தச் சான்றிதழ் வேண்டும். சாதாரண லைட்டரைக் கொளுத்திக் காட்டிய மகானுபாவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறதா என்று பார்த்தாராம்!

டெஸ்ட் செய்வதற்கு முன் இன்ஹிபிட் போட வேண்டும், அதாவது அலாரம் வந்தாலும் நடவடிக்கை ஓடாமல் தடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆலை ட்ரிப் ஆகி நின்றுவிடும், தீயணைப்பு நுரை கொட்டும். சரி. ஆனால் போட்ட இன்ஹிபிட்டை எடுப்பது யார்? வெல்டிங் ஆர்க்கைப் பார்த்தால் புற ஊதா டிடெக்டர் கத்தும். இரண்டு முறை கத்தினால் பைபாஸ் போட்டு அதை ஒதுக்கிவிடுவார்கள். வெல்டர் வீட்டுக்குப் போய்விடுவார், பைபாஸ் அங்கேயே இருக்கும். வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று, தண்ணீருக்கடியில் வேலை செய்யும் டைவர்களைப் பம்ப் உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக டீசல் தீயணைப்புப் பம்புகளை மேனுவலில் வைத்திருந்தார்கள். காரணம் நியாயமானதுதான். தீப்பிடித்தபோது அவை தானாக ஓடவில்லை, கைக்கு எட்டும் நிலையிலும் இல்லை. அன்று இறந்தவர்கள் 167 பேர். பைபாஸ் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பம்புகள்தான் நினைவுக்கு வரும். இரண்டு டிடெக்டர் சேர்ந்து சொன்னால்தான் நடவடிக்கை என்று அமைத்த இடத்தில், ஒன்று பைபாஸிலோ தார்ப்பாய்க்குப் பின்னாலோ இருந்தால், மற்றொன்று எவ்வளவு கத்தி என்ன?

இனி டிடெக்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டி. தீயைக் காட்டிக்கொடுக்க வைத்த பெட்டியே தீயை மூட்டக் கூடாது. ஃப்ளேம்ப்ரூஃப் வகைப் பெட்டி என்றால் உள்ளே வெடிக்காது என்று நினைக்கிறவர்கள் அதிகம். உள்ளே வெடிக்கலாம். அந்த அழுத்தத்தைப் பெட்டி தாங்கும், மூடிக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளி வழியாக வெளிவரும் வாயு குளிர்ந்துவிடும், வெளியிலுள்ள வாயு பற்றாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அந்த இடைவெளியின் முகத்தில் கீறல் விழுந்தாலோ, பெயின்ட் பூசினாலோ, நான்கு போல்ட்டில் ஒன்றைக் காணோம் என்றாலோ சூட்சுமம் போச்சு. தண்ணீர் புகக் கூடாதென்று கண்ட சீலன்ட்டைத் தடவுவதும், கேபிள் வராத துளையில் பிளாஸ்டிக் மூடி சொருகுவதும் அதே ரகம். மூடியிலேயே ‘மின்சாரத்தைத் துண்டிக்காமல் திறக்காதே’ என்று எழுதியிருக்கும், அதையும் பெயின்ட்டால் மறைத்திருப்பார்கள்.

இங்கே எனக்கொரு கருத்து உண்டு, பலர் ஒப்புக்கொள்வதில்லை. நிறுவுவதற்கு ஐஇசி 60079-14 என்ற சர்வதேசத் தரநிலை, ஆய்வுக்கும் பராமரிப்புக்கும் 60079-17. இவை பெட்டியின் வெடிகாப்பைப் பற்றியவை. டிடெக்டர் தீயைப் பார்க்கிறதா என்பது இவற்றின் கேள்வியே இல்லை. அதனால் எலக்ட்ரிக்கல் ஆள் வந்து கேபிள் நுழையும் கிளாண்டையும் போல்ட்டையும் பார்த்துவிட்டுப் போவார். இன்னொரு நாள் இன்ஸ்ட்ருமென்ட் ஆள் வந்து லேம்ப் காட்டிவிட்டுப் போவார். இரண்டு செக்லிஸ்ட்டிலும் டிக் விழும். திரும்பி நின்று டிடெக்டர் எதைப் பார்க்கிறது என்று பார்ப்பது இரண்டு பேர் வேலையிலும் வராது. ஒரே ஏணியில், இரண்டும் தெரிந்த ஒருவர் ஏறினால் போதும் என்கிறேன். ஆள் கிடைக்காது என்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் கிடைப்பார்.

தார்ப்பாய்ச் சம்பவத்துக்குப் பிறகு அந்த ஆலையில் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. சாரம் கட்டும் பெர்மிட்டில் ஒரு வரி சேர்த்தோம்: ‘அருகில் ஃப்ளேம் டிடெக்டர் உள்ளதா?’ முதல் சில வாரம் எல்லோரும் யோசிக்காமல் ‘இல்லை’ என்றே டிக் அடித்தார்கள். அப்புறம் ஒரு நாள் சாரம் கட்டும் மேஸ்திரியே போன் செய்தார். ‘சார், இங்க ஒரு கண்ணு இருக்கு, துணி கட்டலாமா?’ போய்ப் பார்த்தேன். துணியை ஒரு மீட்டர் தள்ளிக் கட்டச் சொன்னேன், கட்டினார்.