தக்காளிக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு முழுக்க அதே பேச்சு. அதே தக்காளி அடிமாட்டு விலைக்குப் போகும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

சித்தப்பா கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறார். விலை விழுந்த ஒரு நாளில், இங்குள்ள மண்டியில் அவர் வாங்கிய சீட்டைப் பார்த்தேன். மேலே விற்ற தொகை. கீழே கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை என்று வரிசையாகக் கழித்திருந்தார்கள். மிஞ்சியதில் பறிகூலி கொடுக்க வேண்டும். "விற்காமல் திருப்பிக் கொண்டுபோனால் டீசல் காசும் போகும், பழமும் அழுகும்" என்றார். ஏலம் கேட்பவருக்கும் அது தெரியும். விலை அங்கேதான் அடிபடுகிறது.

ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தக்காளிக்கு நாம் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. உடனே தரகரைத் திட்டுகிறோம். விதைக்கும் உரத்துக்கும் அவசரத்துக்கு முன்பணம் தருபவரும் பல இடங்களில் அதே மண்டிக்காரர்தான். முன்பணம் வாங்கிய விவசாயி சரக்கை அவரிடமே போட்டாக வேண்டும்.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கானவை. அந்தக் கடுங்குளிரில் தக்காளி கெட்டுவிடும். அதற்கு 12 டிகிரிக்கு மேல் வேண்டும். செங்காயாகப் பறித்து அப்படி வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். நைஜீரியாவில் 'கோல்ட்ஹப்ஸ்' நிறுவனம் சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர் அறைகளைச் சந்தைகளிலேயே வைத்து, பெட்டிக்கு நாள் வாடகை வாங்குகிறது. விவசாயி முதல் போட வேண்டியதில்லை. ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இதுதான் பொருந்தும்.

சரக்கு காத்திருக்கும், கூலியாள் காத்திருக்க மாட்டார். ஆகவே அறையோடு கடனும் வேண்டும். கிடங்கு ரசீதை ஈடாக வைத்துக் கடன் வாங்க 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. தானியத்துக்கும் மஞ்சளுக்கும் அது உதவுகிறது. தக்காளிப் பெட்டிக்கும் கூட்டுறவு சங்கம் அன்றைய விலையில் பாதியையாவது ரசீதைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

வாரக்கணக்கில் வரத்து குவிந்தால் இதுவும் போதாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் நிறைய இருக்கின்றன. மாம்பழ சீசன் முடிந்ததும் அவற்றில் சிலவற்றையாவது தக்காளிக் கூழுக்குத் திருப்ப அரசு உதவ வேண்டும்.