'கிரெய்ன்' வேறு, கிராம் வேறு

சயனோடைப் என்பது இரும்பு உப்புப் பூசிய தாளை வெயிலில் காட்டி நீல நிறப் படம் எடுக்கும் பழைய முறை. அதன் பழைய செய்முறைக் குறிப்புகளைத் தேடுவது பற்றி நண்பர் ஒருவர் சொன்ன இரண்டும் தவறு: "சயனோடைப்பைப் பற்றிப் பழைய நூல்கள் அரிது", "பழைய குறிப்பில் 'ஜிஆர்' (gr) என்றால் கிராம்".

முதலாவது தேடும் சொல்லின் கோளாறு. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்ட முறைதான் என்றாலும், அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த கையேடுகளில் அது பெரும்பாலும் 'ஃபெரோ-புருசியேட்' அல்லது 'புளூ பிரிண்ட்' என்றே இருக்கும். பழைய நூல்களை வருடி வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் அப்படித் தேடுங்கள். தலைப்பில் மட்டுமல்லாமல் நூலின் உள்ளேயும் தேடணும். ஒளிப்படக்கலை ஆண்டுமலர்களின் நடுவில்தான் நல்ல சரக்கு கிடக்கும்.

இரண்டாவது காசைக் கரைக்கும். 'ஜிஆர்' என்பது கிரெய்ன் என்ற பழைய எடை அளவு, 0.0648 கிராம். "ஒரு அவுன்ஸ் நீருக்கு 90 ஜிஆர்" என்றால் பிரிட்டிஷ் நூலில் 28.4 மில்லிக்கு 5.8 கிராம், ஏறக்குறைய 20 விழுக்காடு. கிராமாக எடுத்தால் பதினைந்து மடங்கு! 'பைன்ட்' வந்தால் நூல் எங்கே அச்சானது என்று பாருங்கள்: லண்டன் 568 மில்லி, அமெரிக்கா 473.

இன்னொன்று, 'பொட்டாஷ் புருசியேட்' என்று மட்டும் போட்டிருந்தால் நிறம் பார்க்கணும். வேண்டியது சிவப்பு, அதாவது பொட்டாசியம் ஃபெரிசயனைடு. மஞ்சள் புருசியேட்டை ஊற்றினால் வெயில் படுமுன்பே கிண்ணத்தில் நீலம் படிந்துவிடும். தாளில் படம் வராது.

பினாங்கு ஈரக்காற்றில், ஃபெரிசயனைடோடு கலக்க வேண்டிய இரும்பு சிட்ரேட் கரைசல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இரு கரைசலையும் தனித்தனி பழுப்புப் புட்டியில் வைத்து, பூசும்போது மட்டும் சம அளவு கலக்குங்கள். பூசிய தாளை அன்றே பயன்படுத்திவிடுங்கள்.